என் வலது கால் செய்த காரியம்

சால்தோ
மே 16

அன்பு மகள் ஃபியோரெல்லாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், நாய் நலம், ஆரஞ்சு மரங்கள் நலம், வலது முழங்காலை விட்டுவிட்டுப் பார்த்தால் நானும் நலம். அங்கே ராட்டர்டாமில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் அவள் நாற்பது சொல்லி முடித்துவிடுகிறாள். இந்த விஷயத்தில் பாதியில் அவள் சிரிக்க ஆரம்பித்தால் நான் முடிக்கவே மாட்டேன். அதனால்தான் அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, மாத்தே தேநீர்க் கோப்பையையும் வெந்நீர்க் குடுவையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குளிர் இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டது, கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது, அதே வாளியைத்தான் வைத்திருக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியை நான் தனியாக இருக்கும்போதுதான் படித்தேன். பாலத்துக்கு நீ போட்ட கணக்கை எல்லோரும் பார்த்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, அதில் ஒரு தப்பை நீயே கண்டுபிடித்து, நீயே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லி, அதனால் வேலை நின்று, வரும் மாதக் கடைசியில் உன்னை வைத்துக்கொள்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று கூட்டம் போட்டு முடிவு செய்யப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே எழுதியிருந்தாயே ஒரு வரி, அதைப் படித்ததும் மாத்தே கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். யாருமே கண்டுபிடிக்கலப்பா, சொல்லாம இருந்திருக்கலாம், ஆனா சாண்டியாகோல நீங்க அந்தத் தடத்த அழிச்சீங்கல்ல, அத நெனச்சுக்கிட்டேன், சொல்லிட்டேன் என்று. மகளே, அந்தத் தடத்தைப் பற்றி உனக்கு நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முப்பத்தோரு வருஷமாகச் சொல்லாமல் இருந்ததைச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்வதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

என் டென்னிஸ் வாழ்க்கை என்ன பெரிய வாழ்க்கை என்று உனக்கே தெரியும். பதினோரு வருஷம், பாதி நாள் பஸ்ஸில், மீதி நாள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு. உலக வரிசையில் நூற்றுக்குள் இருந்தது மொத்தம் ஏழு வாரம், உச்சம் தொண்ணூற்று நாலு. இறுதியாட்டம் என்று ஆடியது ஒன்றே ஒன்று, தொண்ணூற்றொன்றில் சாண்டியாகோவில், அந்த ஊர்க்காரன் ஹெர்னான் உர்சுவாவுக்கு எதிராக. கடைசி செட்டில் நான் முன்னால் இருக்கிறேன், மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என் கையில். உர்சுவா ஓங்கி அடித்த பந்து என் காலடியில் கோட்டுக்கு வெளியே விழுந்தது. கோட்டு நடுவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை, உள்ளூர் ஆள் வேறு. நான் ஆட்டத்தை நிறுத்திக் கையை உயர்த்தினேன். செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும், பெரிய நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் வருவதற்குள் ஆட்டக்காரனே அந்தத் தடத்தை அழித்துவிட்டால், பந்து உள்ளேதான் விழுந்தது என்று அவனே ஒத்துக்கொண்டதாக அர்த்தம், அதற்கு மேல் பேச்சே கிடையாது. அன்றைக்கு நான் அழித்தேன், நடுவர் பாதி வழியில் நின்றுவிட்டார், அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, நான் அந்தப் புள்ளியையும் ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்துத் தோற்றேன். இது ஊரறிந்த கதை, பள்ளிக்கூடத்தில் உனக்கும் சொல்லியிருப்பார்கள்.

சொல்லாத கதை இதுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பந்து வெளியே விழுந்தது, சுத்தமாக இரண்டு விரல் வெளியே, தடம் அப்பம் மாதிரித் தெளிவாகக் கிடந்தது. நடுவர் வருவதற்குக் காத்திருந்தேன், தலைக்குள் கோப்பையை எங்கே வைப்பது என்று ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் என் வலது கால் தன் பாட்டுக்குப் போய் அதைத் தேய்த்துவிட்டது. ரயில்வே கிளப்பில் உன் தாத்தா கோர்ட் பராமரிக்கிற வேலை பார்த்தார் அல்லவா, கோர்ட்டில் ஒரு குழியைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போனால் அவரிடம் யார் உதை வாங்குவது? நடக்கப் பழகின நாளிலிருந்து தடம் என்று கண்டால் என் கால் அழிக்கும். அன்றைக்கும் அழித்தது. ஐயையோ, இல்லை இல்லை என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எதிராளியின் ஊரில் எனக்குக் கைதட்டு. திறந்த வாயை மூடிக்கொண்டேன். நெஞ்சு அடைத்ததால் நெஞ்சில் கை வைத்தேன், அதைப் படமெடுத்துப் பணிவின் உருவம் என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் கனவான். கோபக்காரன் கனவானாக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று கேள். மட்டையைத் தரையில் அடிக்க முடியாது, நடுவரைத் திட்ட முடியாது. எதிரில் ஆடுகிறவன் எல்லாம் வலைக்குப் பக்கத்தில் வந்து, ஹெபர், ஒங்க வாயால சொல்லிடுங்க, ஒங்க பேச்சுன்னா பேச்சு, பந்து உள்ளதானே என்று பல்லைக் காட்டுவான், நானும் ஆமாம் என்று சொல்லித் தொலைப்பேன். தொண்ணூற்று நாலாவது இடத்திலிருந்து இருநூற்றுப் பத்தாவது இடத்துக்கு இறங்கினதில் பாதி முழங்காலால், மீதி மரியாதையால். சரி, உண்மையைச் சொல்லித் தொலைப்பதுதானே என்பாய். சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மனிதர் இந்தக் காலத்திலும் இருக்கிறாரா என்று பைசாண்டூவிலிருந்து ஒரு நர்ஸ் கடிதம் எழுதினாள். அழகான கையெழுத்து. நிவியா என்று பெயர். அவளிடம் போய், அம்மணி, அது நான் இல்லை, என் கால் என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன், நிச்சயதார்த்தம் ஆயிற்று, கல்யாணம் ஆயிற்று, நீ பிறந்தாய், நீயும் எங்கப்பா கனவான் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாய், அதன் பிறகு யாரால் சொல்ல முடியும்.

இப்போது, உன் செய்தி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே கிளப்பின் ஒன்றாம் நம்பர் கோர்ட்டுக்கு என் பெயர் வைத்து, கனவான் என்று ஒரு பலகையும் மாட்டப் போகிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா, கிளப் தலைவர் அனிபால் ஏற்பாடு. அந்த மனுஷனுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. உர்சுவாவையே சாண்டியாகோவிலிருந்து வரவழைத்திருந்தார். அவனுக்குத் தலையில் முடி இல்லை, எனக்கு முழங்கால் இல்லை, இருவரும் சேர்ந்து ஆறு பந்து அடித்தோம், அதற்கே மூச்சு வாங்கியது. கோர்ட்டின் மூலையில் ஒரு சிவப்புத் துணி விரித்திருந்தது. அனிபால் ஒலிபெருக்கியைப் பிடித்து, சரித்திரப் புகழ் பெற்ற அந்தத் தடத்த நம்ம மண்ணுலயே பதிச்சு வெச்சிருக்கோம், விழா முடிஞ்சதும் கண்ணாடி போட்டு மூடப்போறோம் என்று அறிவித்துத் துணியைத் தூக்கினார். சுற்றிலும் சுண்ணாம்பு வட்டம், நடுவில் அழகாக ஒரு பந்துத் தடம். அந்த மனுஷன் காலையிலிருந்து முட்டி போட்டு உட்கார்ந்து பதித்திருக்கிறார் பாவம். நான் பக்கத்தில் போனேன், குனிந்து பார்த்தேன், சத்தியமாகப் பார்க்க மட்டும்தான் போனேன். அனிபாலின் முகம் வெளுப்பதைப் பார்த்த பிறகுதான் கீழே பார்த்தேன். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. என் கால் வேலையை முடித்துவிட்டிருந்தது.

உடனே பின்வரிசையிலிருந்து எவனோ, அப்படியே செஞ்சு காட்டிட்டாருய்யா என்று கத்தினான், அவ்வளவுதான், கூட்டம் கொட்டகை அதிரக் கைதட்டியது. அப்போதுதான் கண்ணு எனக்கு உன் செய்தி நினைவுக்கு வந்தது. என்னை நினைத்துக்கொண்டு என் மகள் வேலையைப் பணயம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே இல்லாத பெருமைக்கு இரண்டாவது தடவை கைதட்டு வாங்குகிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது. அனிபாலின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். உன் அம்மா முதல் வரிசையில் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள், அவளைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துப் பேசினேன். பந்து வெளிய விழுந்துச்சு, நான் விட்டுக்கொடுக்கல, தெரியாம கால் பட்டு அழிஞ்சுபோச்சு, இத்தன வருஷமா ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன், அந்தப் பலகையக் கழட்டிருங்க என்று சொன்னேன். என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பைவிட இரண்டு மடங்கு கைதட்டினார்கள். அனிபால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார், பாத்தீங்களாய்யா, இந்தப் பெருமைகூட வேணாங்கறாரு, எதிராளி மனசு நோகக்கூடாதுன்னு பழியத் தன்மேல போட்டுக்கறாரு, இவருதான்யா மனுஷன் என்று. யோவ், நான் சொல்றது நெசம்யா என்று கத்தினேன். கத்தக் கத்தக் கைதட்டுகிறார்கள். பலகையில் கனவானுக்கு முன்னால் மாபெரும் என்று சேர்க்கலாமா என்று கமிட்டி இப்போது யோசிக்கிறதாம்.

கைதட்டாமல் இருந்தது இரண்டே பேர். ஒருத்தன் உர்சுவா, வலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்டா, ஒன் மூஞ்சியப் பாத்தேனே, பஸ்ஸத் தவற விட்டவன் மூஞ்சி என்றான். தெரிஞ்சும் ஏண்டா சொல்லல என்று கேட்டால், கோப்பை என் கையில இருந்துச்சு, நான் எதுக்குடா வாயத் திறக்கணும் என்கிறான் படுபாவி. இன்னொருத்தி உன் அம்மா. காரில் ஏறி ஆற்றுப் பாலம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷக் குடித்தனம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் நானே, நிவியா, நீ நெனச்ச ஆளு நான் இல்ல, மன்னிச்சுடு என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி ரெண்டாம் நாளு பீரியாபோலிஸ் கடற்கரையில ஒங்க பேரையும் என் பேரையும் மணல்ல எழுதிட்டு, வாங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டேனே ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. வந்தீங்க, பாத்தீங்க, காலால அழிச்சுட்டு, ஐஸ்கிரீம் சாப்பிடலாமான்னு கேட்டீங்க, அன்னைக்கே எனக்கு சாண்டியாகோ புரிஞ்சுபோச்சு, இந்த ஆளு என்னைக்குத்தான் வாயத் திறந்து சொல்றாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள்தான், இன்றைக்கு வரைக்கும் நிறுத்தவில்லை. சோறு போடும்போது சிரிக்கிறாள், நான் வாசல்பக்கம் போனால் என் காலைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்குக் கோபமாக வருகிறது, ஆனால் ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் இருக்கிறது.

ஆக, ஊர் நம்பவில்லை, உன் அம்மாவுக்கு முன்பே தெரியும், பாக்கி நீ ஒருத்திதான். நீ என்னைப் பார்த்துச் செய்ததாக எழுதியிருந்தாய். அது அப்படி இல்லை கண்ணு. யாரும் பார்க்காத இடத்தில், தப்பு இதுதான் என்று தெரிந்து, வேலை போகலாம் என்றும் தெரிந்து, நீயாக எழுந்து நடந்துபோய்ச் சொன்னாய். அதில் என் பங்கு ஒன்றும் கிடையாது, அந்தப் பெருமையைத் தூக்கி இந்தப் பக்கம் தள்ளாதே, எனக்கு ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. தெரிந்தே விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்னது நான் என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான், அது போன ஞாயிற்றுக்கிழமை, அதுவும் உன்னைப் பார்த்துத்தான்.

கூட்டத்துக்குப் போகிற அன்று வயிற்றை நிரப்பிக்கொண்டு போ, நல்ல ஷூவாகப் போட்டுக்கொள், பேசும்போது தரையைப் பார்க்காதே, நம் வீட்டுக் கால்களை நம்ப முடியாது. வேலை இருந்தால் சந்தோஷம், போனால் டிக்கெட் எடு, ஜூலையில் ஆரஞ்சு பறிக்க ஆள் போதவில்லை. கடவுள் துணையிருப்பார், நூறு வயசு வாழ வேண்டும் நீ. கடிதம் கிடைத்ததும் அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு வரி அனுப்பு, என் மேல் கோபமா இல்லையா என்று மட்டும்.

உன்னைப் போல் ஆக ஐம்பத்தெட்டு வயதில் முயன்று கொண்டிருக்கும்
உன் அப்பா
ஹெபர் பெர்துச்சி