ராஜா சாக மறுத்த வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அங்குள்ள குளிரில் நீ ஸ்வெட்டர் போடுகிறாயா இல்லையா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் நாடகக் குழுவுக்கு நகராட்சியின் கலை உதவி கிடைத்துவிட்டது! ஒத்திகை பார்க்கும் பழைய தீயணைப்புக் கூடம் மூன்று வருடத்துக்கு எங்களுக்குத்தான். விளக்குகளும் அவர்களே போட்டுத் தருகிறார்கள். கிடைக்காவிட்டால் கூடத்தை வண்டி நிறுத்துமிடமாக்குவதாக இருந்தார்கள். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. கவலைப்படுவாய் என்றல்ல, சிரிப்பாய் என்றுதான்.

விண்ணப்பம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு நாலு பக்கம் எழுத வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. கடைசிப் பக்கத்தில், நாடகத்திலிருந்து பத்து நிமிட வீடியோ கேட்டிருந்தார்கள். போர்க்களத்தில் ராஜா சாகும் காட்சியை அனுப்பினேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து கலைப்பிரிவு அதிகாரி அம்மாள் போன் செய்தார். நாடகம் பிரமாதம், ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது என்றார். எனக்குத் திக்கென்றது. ராஜா சாவதற்கு யார் சிரிப்பார்கள்? எடுத்துப் பார்த்தால், போயிருப்பது காட்சி அல்ல, வியாழக்கிழமை ஒத்திகையில் அதற்கு முன் நடந்த சண்டை. நம் சலூன்காரர்தான் ராஜா. அம்பு பட்டுத் தரையில் விழவேண்டும். வெள்ளை அங்கியைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்த லாண்டரி அக்கா விடவில்லை.

"இதோட நீ தரையில விழுந்தா, அப்புறம் நீயே தோய்ச்சுக்க. நின்னுக்கிட்டே செத்துப்போ" என்கிறார். நின்றபடி சாவது ராஜாவுக்கு மரியாதையில்லை என்று சலூன்காரர். இயக்குநராகிய உன் அப்பன், நாற்காலியில் உட்கார்ந்து சாகலாமே என்று சமரசம் பேசி, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

இதுதான் நாடகம் என்றே சொல்லிவிடுங்கள் அண்ணே என்றார் சலூன்காரர். கூடம் கைவிட்டுப் போகுமே என்று எனக்கும் சபலம்தான். ஆனால் அதையே மேடையில் போடச் சொன்னால் எங்கே போவது? எங்களுக்குச் சண்டை தானாக வந்தால்தான் உண்டு. நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிகாரி அம்மாள் அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். பிறகு கேட்டார்: "அப்போ பின்னாடி இவ்வளவு சத்தமா சிரிக்கிறது யாரு?"

அன்று டீ பிளாஸ்க் கொண்டுவந்த உன் அம்மாதான். என் வீட்டுக்காரி என்றேன். மறுபடி போட்டுக் காட்டினார். நீ கிளம்பிப் போனதிலிருந்து வீட்டில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை என்பது, அந்த ஆபீஸில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அதையும் அவரிடம் உளறிவிட்டேன்.

விண்ணப்பத்தில் 'இதனால் மக்களுக்கு என்ன பயன்' என்று ஒரு கட்டம். நான் 'பொழுதுபோக்கு' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, இப்போது சொன்னதை எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினார். எழுதினேன். மூன்று பிழை. இரண்டை அவரே திருத்தினார், ஒன்றைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இப்போது அம்மாவும் குழுவில் இருக்கிறாள். ராணியின் தோழி, மூன்று வரி வசனம். சமையலறையில் அதை ராணி மாதிரிதான் சொல்கிறாள். கீழே ஒரு போர்வையை விரித்தால் ராஜா நிம்மதியாக விழலாமே என்று தீர்ப்பும் சொன்னாள். இரண்டு மாதமாக இது எனக்குத் தோன்றவில்லை பார்.

அரங்கேற்றம் அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமை. லீவு கஷ்டம் என்று தெரியும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லையே. வருவதானால் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே, வசனம் மறந்துவிடுவாள். என்னிடம் மட்டும் சொல். எனக்கு மறந்துபோக வசனம் ஏதும் இல்லை.

மகராசியாக இரு. ஸ்வெட்டர் போடு.

உன்
அப்பா