ஏழு குதிரைகளுக்கு இடமில்லை

இன்று காலை டர்பன்டைன் டப்பாவைத் திறந்ததும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. உன் சட்டையில் எப்போதும் அந்த வாசம்தான். போன ஐப்பசியில் ஒரு காய்ச்சலோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது கோபப்பட இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இராமேஸ்வரத்தில் நாம் இருவரும் படம் வரைந்த லாட்ஜ் ஞாபகமிருக்கிறதா? வரவேற்பறைச் சுவரில் நீ வரைந்த கடல்பசுவை அழித்துவிட்டு, ஓடுகிற ஏழு குதிரைகளை வரைய முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஏழு குதிரை அதிர்ஷ்டமாம். இந்தக் கரையில் நீ வரைந்தவற்றில் மிச்சம் அந்தக் கடல்பசு ஒன்றுதான். மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது.

அங்கே அறைக்கு அறை அருவி வரைந்தபோது எப்படிச் சிரித்தாய்! சன்னலைத் திறந்தால் கடல். கருவாட்டு வாடை என்று அதைச் சாத்திவிட்டு, சுவரில் குற்றாலம் கேட்டார்கள். புதுமணத் தம்பதிகளின் அறைக்கு அன்னம், முதலாளி அறைக்குப் புலி.

"ஏலே, மிருகத்துக்கெல்லாம் வேலை போட்டுக் குடுத்துட்டாங்க பாரு. அன்னம்னா காதலு, புலின்னா வீரம். ஒண்ணையும் சும்மா இருக்க விடமாட்டாங்க போல" என்றாய்.

அன்று மாலையே மீந்த சாம்பல் வண்ணத்தில் கடல்பசுவை வரைந்தாய். மண்டபம் கரையில் வலையில் சிக்கி, மறுபடி கடலுக்குள் விடப்பட்ட ஒன்றை நாம் சேர்ந்து பார்த்திருந்தோம். "பன்னி மாதிரி இருக்கே, இது எதுக்கு?" என்றார் முதலாளி. நீ அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எதுக்குமில்ல மொதலாளி. அதுபாட்டுக்குக் கடலடியில புல்லு மேயுது."

வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்ததால் இத்தனை நாள் தப்பித்தது.

இன்று அவர் என்னிடம், "இதால எனக்கு என்னப்பா வந்துச்சு?" என்றார்.

"ஒண்ணும் வரல. குதிரைக்கு வேற ஆளப் பாருங்க."

"அப்ப இனிமே இங்கன வேலைக்கு வராத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் கிளம்பவில்லை. ஏணியில் ஏறி, கடல்பசுவின் வெளுத்திருந்த முதுகுக்குச் சாம்பல் பூசினேன். பக்கத்தில் ஒரு குட்டியையும் வரைந்தேன். நாளைக்கு யாரையாவது வைத்து இரண்டையும் அழிக்கட்டும். இந்தக் கரையில் சுவருக்கா பஞ்சம்? அந்த முதுகின் வளைவு என் கைக்கு மனப்பாடம்.

இறங்கும்போது வரவேற்பில் இருந்த பெண், "குட்டி எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

"எதுக்குமில்லம்மா. அதுவும் மேயுது" என்றேன்.