லயம் இல்லாத மலை

கொழும்பு,
02.02.2025

அன்புத் தங்கை சுதர்ஷினிக்கு,

போனில் ‘ம்’ மட்டும் சொல்கிறாய். அதனால் எழுதுகிறேன். அம்மாவின் வயிற்றுக் கட்டிக்கான ஸ்கேனை, பதுளையில் நான் வடிவமைத்த நிலையத்திலேயே எடுங்கள். அம்மா பயப்படமாட்டார். கூர் மூலைகள் இல்லாத சுவர். சத்தம் அடங்கிய அறை. படுத்ததும் தலைக்கு மேலே, வெளிச்சத்தோடு, நம் தேயிலைத் தோட்டத்து மலை. பெரகல வீதியில் நின்று நானே எடுத்த படம். பழகிய இடத்தைப் பார்த்தால் நோயாளியின் மனம் அடங்கும்.

உன் அண்ணன்,
அஜந்தன்


பெரகல,
11.02.2025

அண்ணனுக்கு,

போனோம். அம்மா நாற்காலியை விட்டு எழும்பியதும் ஒரு பெண் வந்து அந்த இடத்தில் வாசனை ஸ்பிரே அடித்தாள். எலுமிச்சை. இன்னும் மூக்கில் நிற்கிறது. குமட்டுகிறது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அம்மா படுத்தார். உங்கள் மலையைப் பார்த்தார். தலையைத் தூக்கினார்.

“அடியே, நம்ம லயத்தக் காணோம்! வரிசை வீடு ஒண்ணுகூட இல்ல!”

ஸ்கேன் எடுக்கும் றஷீதா மைக்கில் கெஞ்சினாள். “அம்மா, அசையாதீங்க. மூச்சப் புடிங்க.”

“வீட்டையே காணோங்கிறேன், மூச்சப் புடிக்கச் சொல்றியே?”

மூன்று தடவை. ஸ்கேன் படம் கலங்கியது. இறங்கி வந்துவிட்டார். பஸ்ஸில் ஒரே கேள்வி.

“கோயிலு இருக்கு, பங்களா இருக்கு. நம்ம வீட்ட மட்டும் எவன்டி அழிச்சான்?”

படம் நீங்கள் எடுத்தது என்று தெரிந்தும், தெரியாது என்றேன். அந்தப் பொய்யும் நாறுகிறது.

இனி அங்கே வரமாட்டாராம். வேறு இடமென்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். டாக்டர் தந்தது இரண்டு வாரம். நீங்களா அழித்தீர்கள்? எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

சுதர்ஷினி


கொழும்பு,
16.02.2025

சுதர்ஷினி,

நான்தான்.

லயத்தின் துருப்பிடித்த தகரக் கூரை. கொடியில் துணி. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வாளிகள். “இதப் பாத்தா இருக்கிற நோய் கூடிரும்” என்று நிலைய முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். கணினியில், படத்திலிருந்த தேயிலைச் செடிகளை இழுத்து இழுத்து லயத்தை மூடினேன். இருபது நிமிடம். வாசலில் யாரோ நின்றார்கள். பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மூடினேன்.

அப்போது நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. இப்போது என் கையைப் பார்க்கவே அருவருப்பு.

எப்படியாவது கூட்டிப் போ. ஒப்பரேஷன் என்றால் லீவு போட்டு வருவேன்.

அஜந்தன்


பெரகல,
22.02.2025

அண்ணனுக்கு,

வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. அம்மா தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார்.

“எவனோ தோட்டத்துத் தொரை லயத்த ஒடைக்கப் போறான், அதான் படத்துல இல்லன்னு பயந்தேன். நம்ம பயதானா? எந்திரி, பஸ்ஸு போயிரும்.”

அதே அறை. அதே மலை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “கல்லு மாதிரி கெடந்தாங்க” என்றாள் றஷீதா.

கட்டியை எடுக்க வேண்டும். மார்ச் ஐந்து ஒப்பரேஷன். ஆஸ்பத்திரிப் படிவத்தில், தேவைப்பட்டால் அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

“வேணாம்டி. வாந்தி, மூத்திரத் துணின்னு கூப்புடுவாங்க. அவனுக்கு அருவருக்கும், பாவம். ஒன் பேர எழுது.”

எழுதினேன்.

சுதர்ஷினி