கோட்டுக்குப் பிறகு

என்னவருக்கு,

நேரில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

சுரங்கத்தின் நூற்றாண்டு மலருக்காக, முதல் இன்ஜினியரின் குடும்பக் கதையைத் தேடச் சொன்னீர்களே, இன்று அவர் கல்லறைக்குப் போனேன். கல்லில் அவர் பெயர், கீழே மகன் பெயர். இருவரும் இறந்தது ஒரே தேதி. அதற்கும் கீழே மனைவியின் பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல்.

"அந்தம்மா ஊரைவிட்டே போயிட்டாங்க," என்றார் காவல்காரர். "அப்பனும் மகனும் ஒரே ஷிப்டுல இறங்கக்கூடாதுங்கிற வழக்கமே அதுக்கப்புறம்தான் வந்துச்சு. இப்ப யாரோ பெரிய இன்ஜினியர் அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எடுத்துட்டாராமே?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். அந்த உத்தரவில் இருப்பது உங்கள் கையெழுத்து என்று சொல்ல மனம் வரவில்லை.

நாளை முதல் அப்பாவோடு ஒரே ஷிப்ட் என்ற குஷியில் நம் பிள்ளை பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறான். கிழக்குச் சுரங்கத்தில் புகை வாடை வருகிறதென்று நேற்று நீங்கள் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னது அவன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

காலையில் மேசைமேல் ஒரே ஒரு சாப்பாட்டு டப்பாதான் இருக்கும். யாருக்கென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
இன்று திரும்பி வந்த இரண்டு டப்பாக்களையும் இப்போதுதான் கழுவிக் கவிழ்த்தவள்