கடைசி அடியை மாற்ற வேண்டாம்

உ
முருகன் துணை

குனோங் ராபாட் மலையடித் தோட்டம், ஈப்போ
பிரபவ வருஷம் ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நவமணிக்கு அப்பா ஐயாவு அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இந்தக் காகிதம் கடல் தாண்டி நாகப்பட்டினம் வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் உன் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. மழை என்றால் அப்படி மழை, இந்த மாதம் பாதி நாள் ரப்பர் பால் வெட்டு கிடையாது, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருவன் தப்பு மேளம் அடிக்கிறான், ஆட்கள் வாளியோடு வந்து நிற்கிறார்கள், வானத்தைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே லயத்து வீட்டுக்குத் திரும்புகிறார்கள். நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலை கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டது. அதில் ஒரு கொத்து ஒடிக்க யாராவது வந்தால் போதும், அது என் மவ வெச்சது, கேட்டுட்டு ஒடின்னு அம்மா சண்டைக்குப் போகிறாள்.

உன் காகிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பேரன் தூங்காமல் அழுகிறான், மாப்பிள்ளை பாட்டுப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார், பிள்ளை தூங்குகிற மாதிரி, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நல்ல பிளேட்டாக ஈப்போவில் பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். அதுவரை அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அங்க இல்லாத பிளேட்டா இங்க இருக்கு, அவளுக்கு நம்ம கையால ஒண்ணு வந்தாத் தேவலைன்னு இருக்கு, அதைச் சொல்லத் தெரியாம சுத்தி வளைக்கிறா லா என்றாள். அதற்குக் கீழே நீ பொடி எழுத்தில் எழுதியிருந்ததை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடியதைக் கேட்டுச் சம்பந்தியம்மாள் ஓடிவந்து, பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒப்பாரி வைக்காதே என்று சொல்லிவிட்டார்கள், அன்று முதல் நான் வாய் திறப்பதில்லை அப்பா, எனக்கும் பயமாக இருக்கிறது, தம்பி செத்த அன்று அம்மா பாடியதும் இதே ராகம்தானே, நான் பாடுவது தாலாட்டா ஒப்பாரியா, அம்மாவைக் கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா எழுந்து போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சம்பந்தியம்மாள் மேல் தப்பில்லை. தப்பில்லை என்று எழுதுகிறேனே தவிர அன்று முழுக்க எனக்குக் கோபம் அடங்கவில்லை, என் மகள் வாயை அடைக்க இவர்கள் யார் என்று தனியாகப் பேசிக்கொண்டே ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு அடுக்கினேன். ஆனால் இரண்டுக்கும் ராகம் ஒன்றுதான், அது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. அதிலும் உன் அம்மா வீரம்மா ஒப்பாரிக்குப் பேர் போனவள், அப்போதெல்லாம் ஜெலாப்பாங் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் அவளைக் கூப்பிட ஆள் வரும். நீ கைக்குழந்தையாய் இருந்தபோது அவள் உன்னைத் தாலாட்டினால் அடுத்த வீட்டு மாரியம்மா, யாரு அக்கா போயிட்டது என்று தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவருவாள், நீ தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிப்பாய். மாரியம்மா அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பிறகு உன் தம்பி பிறந்தான், பத்துமலைத் திருவிழாவுக்குப் போய்வந்த வருஷம் பிறந்ததால் அவனுக்குப் பத்துமலை என்றே பேர் வைத்தோம். அந்தச் சாயங்காலங்கள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது நவமணி. நீ தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டுவாய், அம்மா கித்தாக் காட்டில் பால் வெட்டிவிட்டு வந்த சேலையோடு, கையில் பால் வாடைகூடப் போகாமல் உட்கார்ந்து பாட்டை எடுப்பாள். மலை தூங்கிப் போச்சுதையா, மரமும் தூங்கிப் போச்சுதையா, பால்வாளி தூங்குதையா, பாதையுந்தான் தூங்குதையா, என் வயித்து மணி மட்டும் இன்னும் தூங்கலையே. இப்படி ஒவ்வொன்றாகத் தூங்க வைத்துக்கொண்டே போவாள், அவளுக்குச் சாமான் தீர்ந்துபோனால் நீ எடுத்துக் கொடுப்பாய், துரை வீட்டு நாய், கோயில் மணி, ஆபீஸ் கிராணி ஐயாவின் மூக்குக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடி தூங்குதையா என்று அம்மாவும் ராகம் மாறாமல் பாடுவாள். எதைத் தூங்க வைத்தாலும் கடைசி அடி தூங்கலையேதான். பிள்ளை கண்ணை மூடியதும் பாட்டை அப்படியே விட்டுவிடுவாள், அதற்குப் பிறகு அந்தப் பாட்டில் அடி கிடையாது. நான் வாசலில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டு, சத்தம் நின்றதை வைத்தே பயல் தூங்கிவிட்டான் என்று தெரிந்துகொள்வேன். அந்த நாளில் எங்களுக்கு என்ன குறை இருந்தது, ஒன்றும் இல்லை.

சரி, பிளேட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நானும் அம்மாவும் ஈப்போ போனோம், கடைத்தெருவில் கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் விற்கிற சீனன் கடை ஒன்று இருக்கிறது, முதலாளி தவுக்கே நல்ல மனுஷன், எத்தனை பிளேட்டு கேட்டாலும் முகம் கோணாமல் சாவி கொடுத்துப் போட்டுக் காட்டுகிறான். அவன் பெண்சாதி முதுகில் கைப்பிள்ளையைத் துணியால் கட்டிக்கொண்டு கடிகாரம் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா பிளேட்டைக் கேட்கவே இல்லை, அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் போட்டது நாடகக்காரர் ஒருவர், எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போனார், பிள்ளை திடுக்கிட்டு வீலென்று கத்தியது, இவரு புள்ளையத் தூங்க வைக்கிறாரா கள்ளனப் பிடிக்கிறாரா என்று அம்மா கேட்டாள். அடுத்தது வெள்ளைக்காரன் பாண்டு, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் காலை உதைத்தது, இது பகல்ல விளையாடத்தான் ஆகும், ராத்திரிக்கு வெச்சா விடிய விடிய நம்மள ஆட வைக்கும் என்று அதையும் தள்ளினாள். பிறகு ஒரு கோமாளிப் பேச்சு, புருஷனும் பெண்சாதியும் மீன் குழம்புக்குச் சண்டை போடுகிறார்கள், ஒரு வார்த்தை புரியாமலே தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இதைச் சம்பந்தியம்மாவுக்கு எடுங்க, சிரிச்சா மனசு இளகும் என்றாள் அம்மா. கடைசியில் ஒரு நாதஸ்வரம், அவசரம் இல்லாமல் இழைத்து இழைத்து வாசித்திருந்தார், பிள்ளை வாயைத் திறந்துகொண்டு கேட்டது, அம்மாவும் தலையை ஆட்டினாள், விளக்கு வெச்ச பொறவு இதப் போடச் சொல்லுங்க, பெருசுங்களும் கேக்கலாம் சிறுசுங்களும் கேக்கலாம் என்றாள். ஆனால் பிளேட்டு முடிந்து ஊசி கரகரவென்று இழுத்ததும் பிள்ளை மறுபடி அழுகையைப் பிடித்துக்கொண்டது பார், தவுக்கே பெண்சாதி குதித்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. மலை தூங்கிப் போச்சுதையா. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். உன் தம்பி போன பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை, தாலாட்டும் இல்லை ஒப்பாரியும் இல்லை, மற்றத் தோட்டத்து ஆட்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து வருவதை விட்டுவிட்டார்கள். அம்மா அந்தச் சீனப் பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு மலையைத் தூங்க வைத்தாள், மரத்தைத் தூங்க வைத்தாள், சுவரில் இருந்த கடிகாரங்களை எல்லாம் தூங்க வைத்தாள். அதற்குள் பிள்ளையின் தலை தாயின் தோளில் சாய்ந்துவிட்டது. அம்மா பாட்டை விட்டுவிட்டாள். தவுக்கே பெண்சாதி மெதுவாக, லாகு ஆப்பா இனி, இது என்ன பாட்டு என்று மலாயில் கேட்டாள். லாகு புடாக் லா என்றாள் உன் அம்மா, பிள்ளைப் பாட்டு. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான் நவமணி, எனக்குச் சொல்லாததை அந்தச் சீனத்திக்குச் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது சடக்குப் பாதை ஓரத்தில் முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள், புள்ள போன அன்னைக்கு நடந்ததை மவளுக்கு எழுதுங்க என்றாள். எனக்கு எழுத இஷ்டமில்லை, அவள் சொன்னதால் எழுதுகிறேன். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், லயத்தில் வீட்டுக்கு வீடு சாவு, எல்லா வீட்டுக்கும் உன் அம்மாதான் போய் அழுதாள். நம் வீட்டில் விழுந்தபோது அந்தப் பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், அவள் தொடங்கினால் தாங்களும் எடுக்கலாம் என்று. உன்னை மாரியம்மா வீட்டில் விட்டிருந்தோம், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உனக்கு ராகம்தான் கேட்டிருக்கும், வார்த்தை கேட்டிருக்காது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, மலை தூங்கிப் போச்சுதையா என்று எடுத்தாள். ஒரு பெண்ணுக்கும் கூடச் சேர்ந்து பாட வாய் வரவில்லை. மாரியம்மாதான் அழுதுகொண்டே, தூங்கிருச்சேன்னு மாத்திப் பாடுக்கா, மனசு ஆறும் என்றாள். எம்புள்ள தூங்கலை, தூங்கலைன்னுதான் பாடுவேன் என்றாள் உன் அம்மா. தோட்டத்துச் சாமானை எல்லாம் தூங்க வைத்தாள், நீ எடுத்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடி உட்பட, ஒவ்வொரு தடவையும் தூங்கலையே என்று முடித்தாள், முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டது என்று நான்தான் அவள் மடியிலிருந்து அவனை வாங்கினேன். ஆகையால் நீ கேட்டது ஒப்பாரி இல்லை மகளே. உன் தம்பிக்கு இந்த வீட்டில் ஒப்பாரியே வைக்கவில்லை. அன்றும் அது தாலாட்டுத்தான்.

சம்பந்தியம்மாளோடு சண்டை போடாதே. அவர்கள் ராகத்தைக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார வைத்து வார்த்தையைச் சொல்லிக் காட்டு, கேட்டால் அவர்களும் ஒரு சாமான் எடுத்துக் கொடுப்பார்கள். நாதஸ்வரப் பிளேட்டையும் மீன் குழம்புப் பிளேட்டையும் வேட்டியில் சுற்றிக் கார்த்திகேசு கையில் கொடுத்திருக்கிறேன், நம் தோட்டத்து ஆள்தான், பினாங்கில் கப்பல் ஏறுகிறான், மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதே, ஊதுகுழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை, ஊசி தேய்ந்தால் உடனே மாற்று, பிள்ளை முழித்திருக்கும்போது எல்லாருமாகக் கேளுங்கள், தூங்க வைக்கிறபோது பெட்டியை மூடிவிட்டு நீயே பாடு. தொண்டை கட்டியிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு அது தெரியாது. உன் உடம்பையும் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள், நாகப்பட்டினத்துல மல ஏது, கடலத் தூங்க வைக்கச் சொல்லுங்க, கலங்கரை விளக்கத் தூங்க வைக்கச் சொல்லுங்க, எத மாத்தினாலும் கடைசி அடிய மட்டும் மாத்த வேணாம்னு எழுதுங்க என்கிறாள். நானும் ஒன்று சொல்கிறேன், பினாங்குக் கப்பலை மட்டும் தூங்க வைத்துவிடாதே, உன் காகிதத்தை அதுதான் கொண்டுவர வேண்டும். நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் பதில் போடு. அதில் பேரன் எதைத் தூங்க வைத்தபோது தூங்கினான் என்று எழுது, அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா ஐயாவு
அம்மா வீரம்மா கைநாட்டு