பாதை பார்க்கப் போனவளுக்கு

அக்கா,

இன்று காலையில் அம்மாவின் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசம் எழுந்ததுமே அவள் தலையைத் தூக்கி, "ஏளா, பெரியவ இன்னும் வரலியா?" என்று கேட்டாள். பாட்டிலை மூடிவிட்டேன். மூடி என்ன பிரயோஜனம், வீடு முழுக்க அந்த வாசம்தான். நீ செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அது மட்டும் அவள் நினைவில் நிற்க மாட்டேன் என்கிறது.

அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகலாம் என்று நீ சொன்னபோது நான்தான் கேலி செய்தேன். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகவே 'மாதாவே, மாதாவே' என்று கூப்பிடுகிறவள் மலையில் என்ன செய்வாள் என்றேன். தூத்துக்குடியில் மேடு என்று ஒன்று ஏது, பாலம் ஏறினால்தான் உண்டு. நீ போனில் படம் காட்டினாய். பைன் மரங்களுக்கு நடுவே சமமான பாதை, படி கிடையாது, சக்கர நாற்காலி போகும், களைத்தால் உட்கார அங்கங்கே பெஞ்சு. கடலைப் பார்த்தே கிழவியாகிவிட்டாள், ஒரு காட்டையும் பார்க்கட்டுமே என்றாய். ஹார்பர் ஆபீஸில் லீவு சொல்லி, வாடகைக் கார் பிடித்து, நாற்காலியை டிக்கியில் ஏற்றி, எல்லாம் நீயேதான்.

காட்டுக்குள் போனதும் அம்மா காதைத் தீட்டினாள். மேலே பைன் மரங்களில் காற்று இரைந்துகொண்டிருந்தது. "கடல் சரியில்ல. இன்னைக்கு ஒருத்தனும் தொழிலுக்குப் போகக் கூடாது" என்றாள். நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கு மறதி அங்கேதான் தொடங்கியதோ என்று இப்போது தோன்றுகிறது. குளிருக்கு நீ சால்வை சுற்றிவிட்டு, வழியில் வாங்கிய தைலத்தை அவள் முழங்காலில் தேய்த்தாய்.

பாதை ஓரிடத்தில் வளைந்து மறைந்தது. அதற்கப்பால் மேடு இருந்தால் யார் தள்ளுவது என்று நான் முணுமுணுத்தேன். "நீங்க இங்கன இருங்க. நான் போய்ப் பாதையப் பாத்துட்டு வாரேன்" என்று நடந்தாய். எப்போதும் அப்படித்தானே நீ. புது ஆஸ்பத்திரியோ, கல்யாண வீடோ, நீ முதலில் போய்ப் பார்த்து வந்தால்தான் நாங்கள் கிளம்புவோம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கடைசிவரை சமமாகத்தான் இருக்கிறது என்று சிரித்தாய். அம்மாவுக்கு நீ திரும்பி வந்தது மறந்துவிட்டது. போனது மட்டும் மறக்கவில்லை.

அவளைப் பொறுத்தவரை நீ இன்னும் அந்த வளைவுக்கு அப்பால்தான் இருக்கிறாய். நீ வராமல் சோறு வேண்டாம் என்கிறாள். நெஞ்சுவலியில் நீ போய்விட்டதை முதலில் உள்ளபடிதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எத்தனை முறைதான் நான் உன்னைப் புதைப்பது? சொல்வதை நிறுத்தினேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இந்த வாரம் கஞ்சித் தண்ணீரைக்கூடத் துப்புகிறாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அக்கா. இவளை என் தலையில் கட்டிவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

மத்தியானம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனைக் காதில் வைத்து, உன்னோடு பேசுவது போல அவள் கண்முன்னால் நாலு வார்த்தை பேசினேன்.

"அக்காதாம்மா பேசினா. பாதை நல்லா இருக்காம். படியே இல்லையாம். நீ சாப்பிட்டுட்டு மெதுவா வந்தாப் போதுமாம்."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். குழைந்த சோறும் மீன் குழம்புமாக ஒரு கிண்ணம் இறங்கியது. "அவ பாத்துட்டாள்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அப்படியே தூங்கிப்போனாள்.

நான் அடுக்களையில் நின்று சத்தம் வராமல் அழுதேன். நாளைக்கும் இதையேதான் சொல்வேன். அவள் இருக்கும்வரை சொல்வேன். அவளுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொல்லிச் சோறூட்ட நான் இருக்கிறேன். எனக்கு யார் இருக்கிறார்கள், அக்கா?