புலிங்கம்

அன்பு மகள் சில்கேவுக்கு, அம்மா ஆசிகளுடன் எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்களா? நானும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கைத்தடியோடு நடக்கிறேன். குளிர்காலம் முழுக்க உன் சித்தி என்னைக் கீல் நகரத்தில் தன் வீட்டிலேயே வைத்து மீனும் உருளைக்கிழங்குமாகப் போட்டுக் கொழுக்க வைத்துவிட்டாள், அவளுக்கும் ஒரு வரி எழுது. போன செவ்வாய்க்கிழமைதான் நம் சர்க்கஸ் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன்.

வாசலிலேயே புதுப் பலகை. 'உலகத்திலேயே ஒரே புலிங்கம், வந்து பாருங்கள்' என்று கொட்டை எழுத்தில் பச்சைப் பெயின்ட். அதைப் படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் இல்லாத சமயம் பார்த்து, காஸ்பர் சிங்கத்தை என் மிர்ராவின் கூண்டுக்குள் விட்டிருக்கிறார் உன் அப்பா. முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்த புலி அது, இனி அதற்குக் குட்டியே வேண்டாம் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவர்தானே! கேட்டால், "நீ பாட்டுக்கு அங்க போய்ப் படுத்துட்ட, இங்க ஈ காக்கா வரல. ஒரு ஈத்து போட்டா என்ன குடியா முழுகிப்போச்சு?" என்கிறார். பிறந்த குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. மிர்ரா இன்னும் எழுந்து நிற்கவில்லை. என் குரல் கேட்டாலே மூக்கால் புர்ரென்று ஊதிக் கூப்பிடுமே, இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நானும் இதற்கு உடந்தை என்று நினைக்கிறதோ என்னவோ.

உன் அப்பா எப்போதும் அப்படித்தான், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பெயர்? அப்பன் சிங்கம் என்றால் சிங்கப்புலி, அப்பன் புலி என்றால் புலிச்சிங்கம், அப்பன் பெயர்தான் முன்னால் வரும், நம் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஏழு வயதில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "வயித்துல சொமக்கிறது அம்மாதானே, அம்மா பேருதான் மொதல்ல வரணும், புலிங்கம்னு வைப்போம்" என்று சொன்னவள் நீ. இது நமக்குள்ளேயே இருக்கட்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று விழுந்து விழுந்து சிரித்தோமே. யார் வைத்த பெயர் என்று அப்பாவைக் கேட்டேன். "நானேதான் யோசிச்சேன், ஜோரா இருக்குல்ல?" என்று வாய் கூசாமல் சொன்னார். அவர் பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் மிர்ராவுக்கு வயிறு வளர்ந்துகொண்டிருந்தபோது நீ சித்தி வீட்டுக்குப் போன் போட்டு என் இடுப்பு வலியை அவ்வளவு அக்கறையாக விசாரித்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா சில்கே? நம் சொல்லை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

பிள்ளைத்தாய்ச்சியிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது கோபம் இல்லை, வயிற்றெரிச்சல். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பனியில் தனியாக நடக்காதே, வலி எடுத்தால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு குறையும் இல்லாமல் நீ பெற்றுப் பிழைக்க வேண்டும், என் ஆசி அதுதான். பிள்ளைக்கு என்ன பெயர் என்பதை உன் அப்பாவிடமே சொல்லிக்கொள். நீ எழுந்து நிற்கிறாய் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
இன்னமும் உன் அம்மாதான்,
ரோஸ்விதா